முகாமுக்கு எந்த நட்சத்திரம்?

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு நான் டிரில் டீச்சர். பிள்ளையார்பட்டி சாலையில் ஊர்ப்பொதுவாக ஓர் இளைஞர் முகாம் இருந்தது. ஓடு சரிந்த கூடம், ஒரு கிணறு, அவ்வளவுதான். கோடை விடுமுறையில் பையன்கள் மட்டும் போய்த் தங்குவார்கள். அதைப் பழுதுபார்த்துப் பெரிதாக்கக் கமிட்டி போட்டபோது என்னையும் சேர்த்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: பெண்பிள்ளைகளுக்கு ஒரு குளியலறை. என் பள்ளியில் கோ-கோவில் பேயாக ஓடும் ஒருத்தி இருந்தாள். மறைவாகக் குளிக்க இடமிருந்தால் அவளை அனுப்புவதாக அவள் அப்பா ஒத்துக்கொண்டிருந்தார்.

முதல் கூட்டத்திலேயே வில்லங்கம். எங்கள் பக்கம் வீடு கட்டினால் குடும்பத் தலைவரின் நட்சத்திரத்துக்குப் பொருத்தம் பார்த்துத்தான் நீள அகலம் குறிப்பார்கள். முகாமுக்கு ஏது குடும்பத் தலைவர்? இடம் கொடுத்தவர் தன் நட்சத்திரம் என்றார். மரம் தருகிறவர் தன்னுடையது என்றார்.

"தலைவர்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?" என்று கமிட்டித் தலைவர் கோபித்துக்கொண்டார்.

மாதக்கணக்கில் காபியும் பலகாரமும் தீர்ந்தனவே தவிர, ஒரு செங்கல் நகரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குளிக்கப் போறது பிள்ளைக. அதுக நட்சத்திரத்துக்கே பாருங்களேன்" என்றேன்.

"பொட்டப்பிள்ளை பேருக்கா மனை பாப்பாக? நல்லாச் சொன்னீக போங்க!" என்று தலைவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

கோடை வந்துவிட்டது. பொறுத்தது போதும் என்று கிணற்றைச் சுற்றி நானே கீற்றுத் தட்டி கட்டவைத்து, கோ-கோக்காரியின் அப்பாவுக்கும் சொல்லியனுப்பினேன். காரில் வந்து இறங்கிய தலைவர் முகத்தைச் சுளித்தார்.

"அம்புட்டுப் பெரிய கட்டடம் வரப்போற எடத்துல கீத்துத் தட்டியா? பாக்குறவுக நம்ம ஊரை என்ன நினைப்பாக?"

அவருடைய ஆட்கள் தட்டியைப் பிரித்து ஓரமாகப் போட்டார்கள். நான் போட்ட சண்டையெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

மறுநாள் காலை அந்தக் கோ-கோக்காரி அப்பாவோடு, டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அவள் அப்பா கிணற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மறைப்பு இருக்குன்னு சொன்னீகளே, டீச்சர்."

பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். நாசமாய்ப் போகட்டும் இவர்கள் கட்டடம் என்று வாய்விட்டே திட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் நடந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். மெய்யாகவே வருத்தப்பட்டார்.

"பாவம், அந்தப் பிள்ளைக்கு நேரஞ் சரியில்ல போல" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதுக்கு என்ன நட்சத்திரம், டீச்சர்?"