கேன்டீனில் இல்லாத ஜாபர் பாய்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் குடோனில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவரவர் போனுக்கு வரும் வைஃபை சிக்னலின் பலத்தை வைத்துக் காட்டும் திரையைப் பொருத்தியது நான்தான்.

இன்று காலை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜாபர் பாய் ஒரு மணி நேரமாகக் கேன்டீனிலேயே இருப்பதாக அது காட்டியது. மேலாளர் மெமோவோடு கிளம்பினார். நானும் ஓடினேன்.

பாய் அங்கே இல்லை. இரும்புச் சுருள்களுக்குப் பின்னால் வியர்க்க வியர்க்க லோடு இறக்கிக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல இருக்கிற வைஃபை சிக்னலை இந்த இரும்பு மறைச்சிடுச்சு சார். கேன்டீன் சிக்னல் மட்டும்தான் வந்திருக்கு" என்று வழிந்தேன்.

பாய் சிரித்தார். "நாஷ்டா கூட துன்னாம வேலை பாத்துக்கினு கீறேன். உங்க மிஷினு மட்டும் என்னைக் குந்தவெச்சு டீ ஊத்துதா?"

மேலாளர் மெமோவைக் கிழித்துவிட்டு, "போய் சாப்பிட்டு வாங்க பாய்" என்றார்.

இப்போது பாய் கேன்டீனில் இட்லி சாப்பிடுகிறார். திரையோ அவரை எம்.டி. அறையில் உட்கார வைத்திருக்கிறது.

மேலாளர் பார்ப்பதற்குள் யாராவது ஒரு வழி சொல்லுங்களேன்!