நேற்று போலவே

இது கட்டுக்கதை இல்லை. என் அண்ணிக்கு நடந்தது. பதினாறு வருடமாக நர்ஸ். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். சாப்பாட்டில் கை வைத்தவர், இதைச் சொல்லி முடித்ததும் ஒரு வாய்கூட உண்ணாமல் எழுந்துவிட்டார்.

புது வார்டில் அவருக்கு முதல் நாள். தள்ளுவண்டியில் ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொரு நோயாளிக்கும் அது கேள்வி கேட்டுத் துளைக்கும். புண் எப்படி? வாடை உண்டா? தூங்கினாரா? அடியில் ஒரு பட்டன்: ‘நேற்று போலவே’. அமுக்கினால் நேற்றைய பதில்களே இன்றைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“ஆளைப் பாத்துட்டிருந்தா வேலை ஓடாதும்மா. அமுக்கிட்டுப் போய்ட்டே இரு,” என்றார் தலைமை நர்ஸ்.

டாக்டரும் அப்படித்தான். ஒன்பதாம் கட்டிலில் ஒரு தையல்காரர், காலில் சர்க்கரைப் புண். “எப்படி இருக்கார்?” என்று டாக்டர் திரையைக் கேட்டார். “கால் கனக்குதுங்க,” என்று கட்டிலிலிருந்து பதில் வந்தது. யாரும் திரும்பவில்லை. அவர்களுக்குத் திரையில் இருப்பவர்தான் நோயாளி. கட்டிலில் கிடந்தது வெறும் மூட்டை.

“மெஷின் மிதிக்கிற கால்மா. இது போச்சுன்னா என் பொழப்பே போச்சு,” என்றார் தையல்காரர். அண்ணி அவர் காலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. சரிதான் என்று அவரும் அமுக்கினார்.

‘புண் சுத்தம். வாடை இல்லை.’

மதியம் மூன்று மணி. திரையைத் திரும்பிப் பார்த்தால், ஒன்பதாம் கட்டிலின் பதில் மாறியிருந்தது. ‘வாடை உண்டு.’ திருத்தினார். கையை எடுப்பதற்குள்... ‘வாடை உண்டு.’

டக். டக். கீபோர்டை யாரும் தொடவில்லை.

அப்புறம் நாற்றம் வந்தது. கட்டிலிலிருந்து இல்லை... கீபோர்டிலிருந்து. பொத்தான்களின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ கசிந்தது. பஞ்சால் துடைத்தார். நூல் நூலாக இழுத்தது.

சீழ்.

டக். டக். டக்...

‘கட்டைப் பிரிச்சுப் பாருங்கம்மா.’

ஓடினார். பிரித்தார். மேல் சுற்று மட்டும்தான் புதுசு. தினமும் பழைய துணிக்கு மேலேயே புதுத் துணியைச் சுற்றியிருக்கிறார்கள். அடியில் எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்...

நெளிந்தது.

அன்று சாயங்காலமே ஆபரேஷன். இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது.

மறுநாள் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற பையனிடம் அண்ணி கேட்டார், அதை அடித்தது யார் என்று. அவன் வெகுநேரம் தேடினான்.

“இதே கட்டில்ல முன்னாடி இருந்த அம்மாவோட ஃபைல்லேருந்து வந்திருக்குக்கா...”

அந்த அம்மா கால் அழுகி, உடம்பெல்லாம் விஷம் ஏறி இறந்து ஒரு மாதம் ஆகிறது. ஃபைலை யாரும் மூடவில்லை. அண்ணி திறந்து பார்த்தார். இறந்த பிறகும் தினமும் காலையில் எந்தப் புண்ணியவதியோ பட்டனை அமுக்கியிருக்கிறாள். ‘புண் சுத்தம். வாடை இல்லை. நன்றாகத் தூங்கினார்.’

த்தூ.

ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழே, மதியம் மூன்று மணிக்கு, இன்னொரு வரி இருந்தது. ஒரு மாதமாக ஒருவரும் படிக்காத வரி.

‘கட்டைப் பிரிச்சுப் பாருங்கம்மா.’