முப்பதாவது பல்

பதினோரு வருஷமாகப் பெயிண்டரின் நெஞ்சில் ஒரு யானை ஏறி உட்கார்ந்திருந்தது.

பெரிய யானை இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும். முதுகில் அம்பாரி, அதில் வில்லோடு நாலு பேர், கழுத்தில் ஒரு பாகன். பொம்மைக் கடையின் மேல்தட்டில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தது. பெயிண்டர் கணக்கில் அதன் விலை, காருக்கு இரண்டு கதவும் ஒரு பம்பரும் அடிக்கிற கூலி. அந்தக் கூலி அவரிடம் இருந்தது. இருந்தும் வாங்க முடியவில்லை. வாங்க விடாமல் செய்தவர் சொந்தத் தங்கச்சியின் புருஷன். அதுவும் எதற்காக? ஒரே ஒரு பல்லுக்காக.

பெயிண்டருக்குத் தொழில், அடிபட்டு வரும் வண்டிகளுக்கு ஸ்ப்ரே அடிப்பது. எட்டாவது பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். தங்கச்சி புருஷனுக்கு வேலை பல்செட் செய்வது. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஈறு பிடித்து, பல் பதித்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். அக்கம்பக்கத்துப் பெரிசுகள் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கைவேலைதான். அதனால் எல்லோருக்கும் அவர் 'பல்செட்'. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

இருவருக்கும் ஒரே பைத்தியம். கட்டைவிரல் உயரப் படைவீரர்கள். பெட்டியில் துண்டு துண்டாக வரும். வெட்டி எடுத்து, ஒட்டி, சட்டை பெல்ட் மீசை எல்லாவற்றுக்கும் வர்ணம் தீட்ட வேண்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்செட் வீட்டு முன்னறையில், பழைய கதவு ஒன்றை இரண்டு ஸ்டூல் மேல் போட்டு, அதில் படைகளை நிறுத்திப் போர். டேப் பிடித்து அளந்து நகர்த்துவார்கள். பகடை உருட்டி, எவன் செத்தான் எவன் ஓடினான் என்று முடிவு செய்வார்கள். பெயிண்டர் வீட்டுக்காரி இதற்கு வைத்திருந்த பெயர் 'குழந்தைகள் வார்டு'.

இந்தச் சின்ன ஆட்கள் விலையில் சின்னவர்கள் இல்லை. ஒரு பெட்டி வாங்கினால் அடுத்த பெட்டி கண்ணைக் காட்டும். அதனால் பல்செட் ஒரு சட்டம் போட்டிருந்தார். வருமானத்தில் நூற்றுக்கு மூன்று. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. அந்த மூன்றும் அவரவர் பெயர் எழுதிய மாவு டப்பாவுக்குள் போகும். டப்பா இரண்டும் பல்செட் வீட்டு அலமாரியில், சாவி பல்செட் இடுப்பில். பெயிண்டர் தன் காசைத் தானே கொண்டுபோய் இன்னொருத்தரிடம் பூட்டி வைத்தார் என்றால், அவருக்குத் தன் கையைப் பற்றி நன்றாகத் தெரியும் என்று அர்த்தம்.

காசு சேர்ந்தால் மட்டும் போதாது. இன்னொன்று இருந்தது. வேலைக்காக வாங்கும் செயற்கைப் பற்களில் நிறம் ஒத்து வராதவற்றைப் பல்செட் கழித்து வைத்திருந்தார். ஒரு வீரனுக்கு முழுசாக வர்ணம் அடித்து முடித்தால், அவரவர் கண்ணாடி பாட்டிலில் ஒரு பல் விழும். காலாள் பெட்டிக்குப் பத்துப் பல், குதிரைக்குப் பதினைந்து, யானைக்கு முப்பது. பல் சேர்ந்தால்தான் டப்பா திறக்கும். திறந்ததும் பாட்டில் காலி, மறுபடி முதலிலிருந்து. வீட்டில் இருக்கிறவனுக்குச் சட்டை போடாமல் புதிதாக ஒருத்தனைக் கூட்டி வரக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

பல்செட் தனக்கும் தள்ளுபடி தந்ததில்லை. ஆள் போதாத மாதங்களில் வேலையில் மிஞ்சும் ஈறுப் பொருளை அச்சில் ஊற்றித் தானே வீரர்களை வார்த்துக்கொள்வார். அவர் படையில் ஒரு வரிசையே ஈறு நிறத்தில் இளித்துக்கொண்டு வந்து நிற்கும், வர்ணம் ஏறும்வரை.

யானை கடைக்கு வந்த வருஷம் பெயிண்டர் ஐந்து மாதம் ராப்பகலாக அடித்தார். இருபத்தொன்பது பல் விழுந்தது. முப்பதாவது ஆள் ஒரு முரசுக்காரன். அவனை ஞாயிறு காலை அவசர அவசரமாக முடித்து, ஊதி ஊதிக் காயவைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

பல்செட் பரிசோதனையில் வைத்தார். கண்ணில் லென்ஸ். முரசுத்தோல், குச்சி, காது, கழுத்து எல்லாம் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு அவனைத் தலைகீழாகக் கவிழ்த்தார். முரசுக்காரன் நிற்கிற வட்டத் தட்டின் அடிப்பக்கம், பிரைமர் அடித்த சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது.

"அடியில அடிக்கலயே மச்சான்."

மற்ற இருபத்தொன்பது பேருக்கும் முணுமுணுத்துக்கொண்டாவது அடித்திருந்தார். அவசரத்தில் கை தொழில் புத்தியைக் காட்டி, விளிம்போடு நின்றுவிட்டது.

"மாப்ளே, பதினெட்டு வருஷமா வண்டி அடிக்கிறேன். எவனாவது காரைக் கவுத்துப் போட்டு அடியில பாத்திருக்கானா?"

"கார் கவுந்தா மெக்கானிக் பாத்துக்குவான். இவன் செத்தா இங்க கவுந்துதான கெடப்பான்? எல்லாருக்கும் தெரியும்ல."

"அஞ்சு நிமிஷம். இங்கயே அடிச்சுடுறேன்."

"பரிசோதனை அன்னிக்குத் தூரிகை எடுக்கக் கூடாது. சட்டம். அடுத்த ஞாயிறு கொண்டாங்க."

"யானை போயிடும்ங்க."

"போனா வேற யானை வரும்."

வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு வேன் டிரைவர் மகனின் பிறந்தநாளுக்கென்று அதைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பெட்டியை அந்தக் கம்பெனி பிறகு போடவே இல்லை என்று கடைக்காரர் சொன்னார்.

வேறு எவனாவது என்றால் பெயிண்டர் சட்டையைப் பிடித்திருப்பார். ஆனால் வீட்டு மாப்பிள்ளை. முகத்துக்கு நேரே கத்தினால் தங்கச்சியின் முகம் வாடும். அதனால் வாயை மூடிக்கொண்டு வீம்பு பிடித்தார். முரசுக்காரனைப் பட்டறைக்குக் கொண்டுபோய் நட்டு போல்ட்டு டப்பாவுக்குள் எறிந்தார். அன்றோடு சரி. தூரிகையைத் தொடவில்லை, ஒரு பெட்டி வாங்கவில்லை. ஞாயிறு தவறாமல் வந்தார், இருந்த படையை வைத்தே விளையாடினார், தோற்றார், ஜெயித்தார். அவர் பாட்டிலில் மட்டும் இருபத்தொன்பது பல் அப்படியே நின்றது. பல்செட் வாராவாரம் அதைத் துடைத்து வைப்பார். ஏன் நிற்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பட்டறையில் யாராவது மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தால் பெயிண்டர், "எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு" என்று முடித்துக்கொள்வார்.

இப்போது பல்செட்டுக்கு நுரையீரல் போய்விட்டது. முப்பது வருஷம் முகத்துக்கு நேரே ராவிய தூள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்றார் டாக்டர். அதே முன்னறையில் கட்டில், கட்டில் பக்கத்தில் காற்று மெஷின், மூக்குக்கு ஒரு குழாய். போர் நடந்த கதவு சுவரில் சாய்ந்து நின்றது. தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் சொன்னது, மிஞ்சிப்போனால் ஒரு மாதம்.

அன்றிலிருந்து பெயிண்டரால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. பட்டறையில் ஒரே கதவை இரண்டு தடவை தேய்த்தார். பச்சை வண்டிக்கு நீலம் கலந்துவிட்டு, கஸ்டமரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தினமும் தங்கச்சி வீட்டுக்குப் போவார், உட்காருவார், எழுந்திருப்பார், ஜன்னல் கொக்கியைத் திருகிப் பார்ப்பார், மெஷினின் வயரை ஆட்டிப் பார்ப்பார், சுவரில் பெயர்ந்த காரையை நகத்தால் சுரண்டுவார்.

"அண்ணே, சுவரு ஏற்கனவே விழுற மாதிரி இருக்கு. நீ வேற," என்றாள் தங்கச்சி.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. 'அன்னிக்கு ஒரு பல்லு விட்டிருக்கலாம் மச்சான்.' அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் இந்த மனுஷன் போய்விட்டால் யானை நெஞ்சை விட்டு இறங்கவே இறங்காது. ஆனால் சாகக் கிடக்கிற ஆளிடம் பொம்மை யானைக்கு நியாயம் கேட்பதா? கேட்காமல் இருப்பதா? ஒன்பது நாள் இப்படியே வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார்.

பத்தாம் நாள் மத்தியானம், தங்கச்சி மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாப்ளே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"யானையா?" என்றார் பல்செட்.

"உங்களுக்கு எப்படி..."

"பதினோரு வருஷமா அந்த பாட்டில மொறைச்சிட்டுத்தான உக்காந்திருக்கீங்க. எனக்கு நுரையீரல்தான் போச்சு. கண்ணு நல்லாத் தெரியுது."

"ஒரே ஒரு பல்லுங்க. என் காசு, என் உழைப்பு. ஒண்ணு விட்டுக் குடுத்திருந்தா உங்க சொத்தா போயிருக்கும்?"

"ஆமா. போயிருக்கும்."

மூச்சு வாங்கியது. கண்ணால் தங்கச்சியைக் காட்டினார், நீ சொல்லு என்பதுபோல. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நீ எனக்குப் போட்ட வளையல் ரெண்டு. பஸ்ஸுல தொலைஞ்சிடுச்சுன்னு சொன்னேன்ல."

"சொன்ன. அந்த கண்டக்டர்கிட்ட நான் போய் சண்டை கூட போட்டேன்."

"தொலையல. இவரு வித்துட்டாரு. கல்யாணமாகி எட்டாவது மாசம். வித்து எல்லாம் பொம்மைப் பெட்டி. கட்டிலுக்கு அடியில, தண்ணி டேங்க் பின்னாடி, பல்லு வேக வைக்கிற அடுப்புக்குள்ள கூட ஒண்ணு. ரெண்டு மாச வாடகை பாக்கி. ஒண்ணுக்கும் பெயிண்ட் அடிச்சதில்ல. வாங்குறது, ஒளிக்கிறது, மறுபடி வாங்குறது."

பெயிண்டர் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இவரு கைய ஒடிச்சிருப்ப. அப்புறம் பல்லு யாரு கட்டுறது, சோறு யாரு போடுறது?" அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "மூட்டையக் கட்டி வாசல்ல வெச்சேன். கணக்கில்லாம இனி ஒரு பெட்டி உள்ள வந்தா நான் வெளியன்னேன். நூத்துக்கு மூணு, அடிச்சா பல்லு, எல்லாம் நான் போட்ட சட்டம். அந்தச் சாவியும் ராத்திரி எங்கிட்டத்தான் இருக்கும்."

"அது உங்க வீட்டுச் சங்கதி. எனக்கு ஒண்ணு விட்டா என்ன?" பெயிண்டர் விடவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

பல்செட் குழாயைச் சரிசெய்துகொண்டார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அன்னிக்கு என் பாட்டில்ல இருபத்தாறு, மச்சான். அந்த யானைய நீங்க பாக்குறதுக்கு முந்தி நான் பாத்துட்டேன். தினம் அந்தத் தெரு வழியாத்தான் சுத்திட்டு வீட்டுக்கு வருவேன். உங்களுக்கு ஒண்ணு விட்டிருந்தா, மறுநாள் எனக்கு நான் நாலு விட்டிருப்பேன். அதுக்கு அடுத்த மாசம் பாட்டிலே இருந்திருக்காது. இவளும் இருந்திருக்க மாட்டா."

மெஷின் பாட்டுக்கு இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. பெயிண்டர் கேட்க வந்த வார்த்தை வரவில்லை. 'விட்டிருக்கலாம்' என்று பல்செட் சொல்லவே இல்லை. விட்டிருக்க முடியாது என்றுதான் சொன்னார். மாப்பிள்ளையைக் கஞ்சன் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தது பெயிண்டருக்கு ஞாபகம் வந்தது. தங்கச்சியின் வெறும் கையைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அதைப் பார்த்திருக்கிறார், ஒரு தடவையும் யோசித்ததில்லை. கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எழுந்து செருப்பைத் தேடினார். வலது கால் செருப்பை இடது காலில் மாட்டினார்.

"கெளம்புறேன் மாப்ளே. பட்டறையில ஒரு வண்டி பாதியில நிக்குது."

வண்டி எதுவும் நிற்கவில்லை. வாசல்படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மச்சான், அந்த முரசுக்காரன் இருக்கானா?"

"நட்டு போல்ட்டு டப்பாவுல கெடக்கான். மூக்கு லேசா தேஞ்சிருச்சு."

பல்செட் அலமாரியைக் கை காட்டினார். பாட்டில் அன்றைக்கும் துடைத்து வைத்திருந்தது.

"அடியில அடிச்சு, நல்லா காய வெச்சு எடுத்துட்டு வாங்க. ஊதக் கூடாது. நான் கவுத்துப் பாப்பேன். பல்ல நானே போடுறேன்."