தமிழ்வாணி சுருக்கிய சொல்

தமிழ்வாணியின் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் அங்கே இருப்பதில்லை. தல்லாகுளத்தில் மனு அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை அவளுடையது. கீபோர்டு அதுபாட்டுக்குப் படபடக்கும். பார்வை மட்டும் வெயிலில் நிற்கும் வண்டிகளைத் தாண்டி ஏதோ ஒரு மேகத்தின்மேல் போய் உட்கார்ந்திருக்கும். வந்தவர் தன் நிலத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லி முடிப்பதற்குள், அவள் அந்த நிலத்தில் ஒரு நடை நடந்து கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பாள். ஆனாலும் மனுவில் ஒரு பிழை இருக்காது.

பிழையெல்லாம் மனுவுக்கு வெளியேதான். பெயரில் தமிழை வைத்துக்கொண்டு, நீளமான சொல் எது கிடைத்தாலும் ஒட்ட வெட்டிவிடுவாள். காளை என்பவர் தன் அப்பாவின் இறப்புச் சான்றுக்காக வந்தபோது, கோப்புக்கு ‘காளை இறப்பு’ என்று பெயர் வைத்தாள். திரையைப் பார்த்த மனிதர் ஆடிப்போனார்.

“என்ன தங்கச்சி, நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்.”

“அம்புட்டையும் அடிச்சா கீபோர்டு தேஞ்சுபோகும்ணே.”

மகள் பவதாரிணி ஒன்பதாம் வகுப்பு. வேகமாக அடிப்பவள் என்பதால் அந்த வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு தமிழ்வாணியின் பொறுப்பில் இருந்தது. ஒரு மதியம் ஆசிரியை அனுப்பிய சுற்றறிக்கையில் ‘கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி’ என்றிருந்தது. மின்விசிறிக் காற்றில் கண் சொக்கும் நேரம். விரல்கள் தம்பாட்டுக்கு அடித்தன: ‘வியாழன் ஸ்கூலில் கர்ப்ப தடுப்பூசி. ஒம்பதாம் வகுப்பு பெண் பிள்ளைகள் மட்டும். சம்மதப் படிவம் தரவும். மறக்க வேணாம் சொந்தங்களே.’ அனுப்பிவிட்டு மேகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

நாலாம் நாள் டி. கல்லுப்பட்டியிலிருந்து நாத்தனார் இசைவாணி பேசினாள்.

“மதினி, நம்ம பிள்ளைக்குப் போட்றாதீக. கர்ப்பமே தங்காம இருக்க ஊசியாம். வீடியோ அனுப்பிருக்கேன், பாருங்க.”

வீடியோவில் சோகமான இசை, முகம் காட்டாத ஓர் ஆண்குரல், சிவப்பு எழுத்துகள். கீழே வரிசையாக அழுகை முகங்கள். தமிழ்வாணி வீடியோவை மூடினாள். கையெழுத்துப் போடாத படிவத்தை கடை மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள். அன்று மாலை முழுக்க அவள் கண்ணுக்குள் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. உள்ளே பிள்ளை இல்லை.

மறுநாள் கடையில் அதே வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். சிவப்பு எழுத்தின் கடைசி வரி, ‘மறக்க வேணாம் சொந்தங்களே.’ இப்படி முடிக்கிற ஆள் மதுரையில் ஒருத்திதான். குழுவில் மேலே தள்ளித் தள்ளித் தன் செய்தியைத் தேடிப் படித்தாள். தான் வெட்டிய சொல்தான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, வேஷம் கட்டிக்கொண்டு, தன்னையே பயமுறுத்த வந்திருக்கிறது. அவமானத்தில் காது சுட்டது.

நகல் எடுக்க வந்த நர்ஸ் திவ்யாவிடம் கேட்டாள்.

“பிள்ளை பெறக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. கர்ப்பப்பை வாயில பின்னாடி கேன்சர் வந்துறாம இருக்கத்தான் இப்பவே போடுறோம்.”

உடனே குழுவில் திருத்தம் போட்டாள். ஒரே ஒரு கட்டைவிரல் விழுந்தது, அதுவும் ஓவிய ஆசிரியருடையது. ஆசிரியையிடம் கேட்டதில், முப்பத்தொரு பெண்பிள்ளைகளில் பவதாரிணி போக இன்னும் பத்தொன்பது பேரின் படிவம் வரவில்லை. தன் ஒரு வரியால் அத்தனை பிள்ளைகளுக்கும் ஊசி இல்லாமல் போய்விடுமே என்ற நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது. கடையைப் பாதி சாத்திவிட்டு ஒவ்வொரு தாய்க்கும் போன் போட்டாள். “நாந்தான் தப்பா அடிச்சுட்டேன்” என்று பத்தொன்பது முறை சொன்னாள். சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். கட்டட வேலைக்குப் போகும் சோணையம்மாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

“அதெல்லாம் சரி, ஒங்க மகளுக்குப் போடுறீகளா?”

தமிழ்வாணி இழுப்பறையைத் திறந்து, கையெழுத்துப் போடாத அந்தப் படிவத்தை வெளியே எடுத்தாள். தப்பு தன் விரலில் பிறந்ததுதான் என்று தெரிந்த பிறகும் அந்தத் தொட்டில் ஆட்டம் நின்றபாடில்லை. பயத்தைத் திருத்துவதற்கு அவளிடம் எந்தப் பொத்தானும் இல்லை.

“பயமாத்தான் இருக்கு. ஆனா போடுவேன். மொத ஊசி எம் மகளுக்குத்தான். வந்து பாத்துட்டு நீங்க முடிவு பண்ணுங்க.”

வியாழக்கிழமை பள்ளி வராந்தாவில் திவ்யா ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். சோணையம்மாளும் வேறு சில தாய்மார்களும் உள்ளே வராமல், பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசற்படியோடு நின்றார்கள். படிவங்கள் அவர்கள் கையிலேயே இருந்தன.

“அம்மா, ஒனக்குப் பயமா இருந்தா கண்ண மூடிக்க” என்றாள் பவதாரிணி.

தமிழ்வாணி மூடவில்லை. மகளின் சட்டைக் கையை அவளே மேலே சுருட்டிவிட்டாள். ஊசி இறங்கியபோது அவள் மேகத்தில் இல்லை. மகளின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். திவ்யா பஞ்சை வைத்து நிமிர்ந்ததும், தமிழ்வாணி அந்தக் கையை மெல்லப் பிடித்து வாசற்படியில் நிற்பவர்கள் பக்கமாகத் திருப்பினாள்.