அறுபதுகளின் முதல் பத்தும் இரண்டு பள்ளிக்கூடங்களும்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் அண்ணை ஒரு பழைய சூட்கேசைக் கொண்டுவந்து என் மேசையில் தொப்பென்று போட்டார். அண்ணை என்றால் எங்கள் தமிழ் வானொலியின் முதலாளி. அப்பாவின் வயதுதான். ஆனால் அங்கிள் என்று கூப்பிட்டால் அன்று முழுவதும் முகம் கறுத்துப் போய்விடும். சூட்கேஸ் நிறையக் கசெற்றுகள். யாழ்ப்பாணத்தில் பாட்டுப் பதிந்து விற்கிற றெக்கோடிங் பாரில் பதிந்து, ஷெல்லடிக்குத் தப்பி, கொழும்புக்கு வந்து, பிளேன் ஏறி, ஸ்காபரோவில் புடைவைக் கடைக்கு மேலே இருந்த எங்கள் இரண்டு அறை நிலையத்துக்கு வந்து சேர்ந்தவை. எல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த சினிமாப் பாட்டுகள்.

"சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு 'அறுபதுகளின் முதல் பத்து'. நீதான் செய்யிறாய்," என்றார்.

"அண்ணை, நான் பிறந்ததே எழுபதுகளில."

"அதாலதான் உனக்கு ஒருத்தரிலயும் கோவம் இல்லை. நடுநிலமை."

நான் கொலிஜில் இரண்டு வருடம் ஒலிபரப்புப் படித்தவள். தொண்ணூறுகளில் டொரொண்டோவில் இருந்துகொண்டு நான் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. சனி பின்னேரம் ஒரு மணித்தியாலம். எங்கள் வயசுப் பிள்ளைகளுக்கு, எங்கள் பாட்டுகளோடு, எங்கள் பாஷையில். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அண்ணை, "உதுகளை யார் பிள்ளை கேக்கிறது?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

இந்த முறை பேரம் பேசினேன். அண்ணையும் இறங்கினார். பதின்மூன்று கிழமை நான் இந்த முதல் பத்தைச் செய்யவேண்டும். பதின்மூன்றாம் கிழமை முடியும்போது எல்லா விளம்பரமும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். நின்றால் சனி பின்னேரம் எனக்கு. ஒரு விளம்பரம் விழுந்தாலும் இல்லை.

ஒரு கிழமை முழுக்க பஸ்ஸிலும் சப்வேயிலும் வோக்மனில் அந்தக் கசெற்றுகளைக் கேட்டேன். முதலில் விளங்கியது, அந்தக் காலத்தில் ஒருவருக்கும் அவசரம் கிடையாது என்பது. பாட்டுக்காரர் வாயைத் திறக்க முதல் வயலின் கூட்டம் ஒன்று வந்து, சுற்றிப் பார்த்து, இருந்து, எழும்பிப் போகும். அதற்குள் பஸ் இரண்டு தரிப்பைக் கடந்துவிடும். அடுத்தது நிலா. காதல் வந்தாலும் நிலாவிடம் சொல்வார்கள், காதல் போனாலும் நிலாவிடம் சொல்வார்கள். நிலாவுக்கு வேறு வேலையே இல்லை. கதாநாயகன் மனமுடைந்து அழுவார். ஆனால் குரலைக் கேட்டாலே தெரியும், தலைமயிர் ஒன்றுகூடக் கலையவில்லை என்று. இதையெல்லாம் எழுதிச் சிரித்துக்கொண்டு வந்தவள், வெள்ளிக்கிழமை லோன்றியில் உடுப்பு மடிக்கும்போது ஒரு பாட்டை முணுமுணுத்ததையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒருவரும் பார்க்கவில்லை.

இலங்கை வானொலிக் காலத்தில் நேயர்கள் தபாலட்டை போட்டுத்தான் பாட்டுகளுக்கு இடம் கொடுத்தார்களாம். நாங்கள் ரெலிபோன் என்று வைத்தோம். இரண்டு லைன். ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. முதல் கிழமை பதினொரு பேர் எடுத்தார்கள். அதில் நான்கு பேர் கீழே புடைவைக் கடை திறந்துவிட்டதா என்று கேட்டார்கள். மிச்ச ஏழு வாக்கை வைத்துக்கொண்டு பத்துப் பாட்டை எப்படி வரிசைப்படுத்துவது? நானே இட்டுக்கட்டினேன். கசெற்றில் இரைச்சல் குறைந்தது முதலாம் இடம், கூடினது பத்தாம் இடம். இதுதான் என் அளவுகோல்.

நிகழ்ச்சி முடிய முதலே வெக்ஸ்போர்ட்டிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற தபாலதிபர் லைனில் வந்தார்.

"பிள்ளை, உது பிழை. உந்தத் தாலாட்டு ஒரு நாளும் ரெண்டாம் இடத்துக்கு வரேல்லை. ஆகக் கூடினது நாலு. நான் அப்ப கொப்பியில கிழமைக்குக் கிழமை எழுதி வைச்சனான்."

"இது இப்ப உள்ள நேயர்களின்ர விருப்பம், அங்கிள்."

"இப்ப உள்ள நேயருக்கு என்ன தெரியும்? நாலாம் இடம். கொப்பி கையில இருக்கு. பக்கம் சொல்லட்டோ?"

அவர் ஒவ்வொரு கிழமையும் எடுத்தார். ஒவ்வொரு கிழமையும் பக்கம் சொன்னார். ஒரு நாள்கூட வாக்குப் போடவில்லை. "முடிஞ்ச தேர்தலுக்கு ஏன் திருப்பி வோட்டு?" என்பது அவருடைய கட்சி.

இப்படியே சோம்பலாக ஓடிக்கொண்டிருந்தது, ஐந்தாம் கிழமை வரை. அன்று ஒருவர் சைக்கிள் பாட்டுக்கு வாக்குப் போட எடுத்தார். கதாநாயகன் சைக்கிள் ஓடிக்கொண்டே பாடுகிற பாட்டு என்பதால் அது எங்களுக்குச் சைக்கிள் பாட்டு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இந்தப் பாட்டை ஏன் பிடிக்கும் அங்கிள்?" என்று கேட்டுவிட்டேன்.

"அது பிள்ளை, நாங்கள் பெரிய மட்ச் வெண்ட அண்டைக்கு லொறியில ஏறி நிண்டு ரவுனைச் சுத்திச் சுத்திப் பாடின பாட்டெல்லே!"

பெரிய மட்ச் என்பது யாழ்ப்பாணத்தில் இரண்டு ஆண்கள் பள்ளிக்கூடங்கள் வருடா வருடம் ஆடும் கிரிக்கெட். எனக்கு அது வெறும் கதை. பாட்டைப் போட்டேன். பாட்டு முடிய முதலே மற்ற லைன் மின்னியது.

"தங்கச்சி, முன்னம் கதைச்சவர் முழுப்பொய் சொல்லுறார். அந்த வருசம் வெண்டது நாங்கள். என்ர வோட்டு ஊஞ்சல் பாட்டுக்கு."

அது கதாநாயகி ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாடுகிற பாட்டு. "ஊஞ்சல் பாட்டு உங்களுக்குப் பிடிக்குமோ அங்கிள்?"

"அதைப் பற்றி இப்ப என்ன கதை? சைக்கிளுக்கு அடுத்ததா நிக்கிறது எது? ஊஞ்சல். அப்ப ஊஞ்சலுக்குப் போடும்."

அன்றோடு பாட்டு செத்தது, பள்ளிக்கூடம் பிறந்தது.

அடுத்த கிழமை இரண்டு பழைய மாணவர் சங்கங்களும் இறங்கிவிட்டன. சாமான் கடைச் சுவர்களில் 'சைக்கிளுக்கே வாக்களிப்பீர்' என்று துண்டு ஒட்டினார்கள். அதன் பக்கத்திலேயே 'ஊஞ்சல்' என்று ஒற்றைச் சொல், பெரிய எழுத்தில். எங்கள் வானொலியைக் கேட்கத் தனிப் பெட்டி வாங்கவேண்டும், சாதாரண றேடியோவில் வராது. இத்தனை நாள் பெட்டி வாங்காதவர்கள்கூட வந்து வாங்கிப் போனார்கள். மார்க்கம் நகரத்திலிருந்து ஒரு சின்னப் பெடியன் எடுத்தான். "ஹாய், டாட் சைக்கிள் எண்டு சொல்லச் சொன்னார். ஓகே, பாய்." இன்னொருவரிடம் எந்தப் பாட்டுக்கு வாக்கு என்று கேட்டேன். "எங்கட பாட்டுக்கு" என்றார். எது உங்களுடைய பாட்டு என்றேன். ரிசீவரைப் பொத்திக்கொண்டு யாரிடமோ, "டேய், எங்கடது எது? ஆடுறதோ, ஓடுறதோ?" என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

மற்ற எட்டுப் பாட்டுகளையும் நினைக்கப் பாவமாக இருந்தது. நல்ல பாட்டுகள். ஒரு வாக்குமில்லாமல் சந்திரனைப் பார்த்தபடி நின்றன.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அப்பா படித்தது சைக்கிள் பள்ளிக்கூடம். அம்மாவின் மூன்று தமையன்மாரும் ஊஞ்சல் பள்ளிக்கூடம். அம்மா அந்தப் பள்ளிக்கூட வளவுக்குள் கால் வைத்ததேயில்லை, ஆனால் பற்று என்றால் அதிபருக்குக்கூட அவ்வளவு இருந்திராது. அப்பாவுக்குச் சனிக்கிழமைகளில் ஒஷாவாவில் தொழிற்சாலை வேலை. ஒன்பதாம் கிழமை, இடைவேளை நேரம், அங்கிருக்கும் பே போனிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வணக்கம். நான் வெக்ஸ்போர்ட்டில வீட்டில இருந்து கதைக்கிறன். சைக்கிள்."

பின்னால் இரும்பு அடிக்கிற சத்தம்.

"உங்கட வீட்டில என்ன அங்கிள் சத்தம்?"

"அது... மனுசி சமைக்கிறா."

பத்து நிமிடம் கழித்து, அதே இரும்புச் சத்தத்தோடு, இழுத்து இழுத்துக் கதைக்கிற ஒரு கிழவர். அதற்குப் பிறகு மூக்கடைத்த ஒருவர். மூவருக்கும் ஒரே இருமல், எங்கள் வீட்டில் தினமும் காலையில் கேட்கிற இருமல். மூன்றையும் வெட்டினேன்.

பின்னேரம் அப்பா சோற்றுக் கோப்பையோடு வந்து இருந்தார்.

"என்ன பிள்ளை, இந்தக் கிழமை சைக்கிள் குறைஞ்சு போச்சு?"

"ஒரு வீட்டுக்கு ஒரு வோட்டு, அப்பா."

"ஓம், இந்த வீட்டு வோட்டைத்தான் காலமை பத்து மணி அடிக்கவே உன்ர கொம்மா போட்டிட்டாவே!"

குசினிக்குள்ளிருந்து அம்மா, "இஞ்சாருங்கோ, சைக்கிள் ஓடினாக்கள் போய் மூண்டு பேராச் சேர்ந்து இருமுங்கோ!" என்றா. அவவும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. அதோடு இருவருக்கும் கதை நின்றுவிட்டது. "கொம்மாட்டைக் கேள், உப்பு எங்கை எண்டு." "கொப்பரிட்டைச் சொல்லு, கண்ணுக்கு முன்னால எண்டு." நடுவில் நான், வானொலியிலும் நடுநிலமை, வீட்டிலும் நடுநிலமை.

பன்னிரண்டாம் கிழமை அண்ணை என்னைக் கூப்பிட்டார். தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது, குடிக்கவில்லை. எங்களுக்கு விளம்பரம் தருகிறவர்களில் பெரியவர்கள் இருவர். ஒருவர் கலியாண மண்டபம் வைத்திருக்கிறார், அவர்தான் சைக்கிள் சங்கத் தலைவர். மற்றவர் வீடு விற்கிற ஏஜென்ட், ஊஞ்சல் சங்கத் தலைவர். இருவரும் தனித்தனியாக ரெலிபோன் எடுத்து ஒரே வசனத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கடைசிக் கிழமை மற்றவன் பாட்டு முதலாம் இடம் வந்தால் என்ர விளம்பரத்தை நிப்பாட்டுங்கோ.

"எது வெண்டாலும் ஒண்டு விழும்," என்றார் அண்ணை. "விழுந்தா உன்ர பின்னேரம் இல்லை, சொல்லிப்போட்டன்."

"ரெண்டுக்கும் முதலாம் இடம் குடுப்பம், அண்ணை."

"அதையும் கேட்டன். பங்கு போட்டா ரெண்டையும் நிப்பாட்டுவினமாம்."

பதின்மூன்றாம் சனி. இரண்டு லைனும் காலையிலிருந்து அணையவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு வாக்கெடுப்பை மூடினேன். நானும் அண்ணையும் தனித்தனியே எண்ணினோம். சைக்கிள் நூற்றிப் பதினாறு. ஊஞ்சல் நூற்றிப் பதினாறு. திருப்பி எண்ணினோம். அதே. அண்ணை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று தலையில் கை வைத்தார்.

"நேயர்களே, இதோ அறுபதுகளின் முதலாம் இடம்..." என்று தொடங்கிவிட்டேன். இடது கையில் சைக்கிள் கசெற், வலது கையில் ஊஞ்சல் கசெற். வானொலியில் ஐந்து வினாடி அமைதி என்றால் யாரோ செத்துப்போன மாதிரி. சைக்கிளைப் போட்டால் வீடு விற்கிறவர் போவார். ஊஞ்சலைப் போட்டால் மண்டபக்காரர் போவார். எப்படிப் பார்த்தாலும் என் சனி பின்னேரம் போகும். அண்ணை கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் ஆட்டினார். போடு, எதையாவது போடு.

எதையாவது போட்டேன். இரண்டு கசெற்றையும் கீழே வைத்துவிட்டு, என் வோக்மனைத் திறந்து, அதற்குள் கிடந்ததை எடுத்துப் போட்டேன். அந்த வருடம் வந்த பாட்டு. கொம்பியூட்டர் மேளம், நடுவில் ஒருவன் மூச்சு விடாமல் இங்கிலிஷில் பேசுகிற பகுதி. "இதுதான் முதலாம் இடம்," என்று சொல்லிவிட்டுச் சத்தத்தையும் கூட்டினேன்.

பாட்டு முடிந்து முதலில் வந்தவர் சைக்கிள்காரர். "பிள்ளை, உது பாட்டோ? தகரக் கொட்டில் சரியிற சத்தம்! எங்கட காலத்துக்கே அவமானம்!"

அடுத்தவர் ஊஞ்சல். என்ன சொன்னார் தெரியுமா? "முன்னம் கதைச்ச அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை."

பதின்மூன்று கிழமையில் முதல் தடவை. பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரல். ஆடுகிறவர், ஓடுகிறவர் என்ற பேதமில்லை. தபாலதிபரும் வந்து, தன் கொப்பியில் இப்படி ஒரு அநியாயம் எந்தப் பக்கத்திலும் இல்லை என்றார். அன்று வீட்டுக்குப் போனால் அப்பாவும் அம்மாவும் ஒரே சோபாவில். "கேட்டியளேப்பா இவளின்ர வேலையை?" என்றா அம்மா. "கேட்டனான், தொழிற்சாலையில எனக்குத் தலை காட்ட ஏலாது," என்றார் அப்பா. அம்மா அவருக்குக் கேட்காமலே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. எனக்கு இல்லை.

திங்கட்கிழமை இரண்டு தலைவர்களும் ஒரே காரில் நிலையத்துக்கு வந்தார்கள். கையில் ஒரே கடிதம், அடியில் இரண்டு கையெழுத்து. இந்தப் பிள்ளையை இனிப் பழைய பாட்டுப் பக்கம் விடக்கூடாது. விட்டால் மட்டும்தான் விளம்பரத்தை நிப்பாட்டுவோம்.

அண்ணை கடிதத்தை மெதுவாக மடித்தார். "சரி. இவவைச் சனி பின்னேரத்துக்கு அனுப்பிவிடுறன். பெடியளுக்கு ஏதோ ஒரு மணித்தியாலம் செய்யட்டும். அந்த நேரம் பெரியாக்கள் ஒருத்தரும் கேக்கிறேல்லை."

நான் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பை அடக்கத் தோள் குலுங்கியது. மண்டபக்கார அங்கிளுக்கு மனம் இளகிவிட்டது.

"பாவம், பிள்ளை அழுகுது. ஒருக்கா மன்னிச்சு விடுவமே? பழைய இடத்திலயே இருக்கட்டும்."

வீடு விற்கிற அங்கிளும், "ஓம், எங்கட பிள்ளைதானே," என்று தொடங்கினார்.

"இல்லை அங்கிள்!" என்று கத்தியே விட்டேன். "நான் செய்தது பெரிய பிழை. மன்னிக்கவே கூடாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல வளர்ப்பு என்று ஏஜென்ட் அங்கிள் மெல்லச் சொன்னது கேட்டது. அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. ஆனாலும் மனிதர் முகத்தை அசைக்கவில்லை.

"தண்டனை எண்டால் தண்டனைதான்," என்றார். "சனி பின்னேரம் ஆறு மணிக்கு வந்து நில்."