ரிசப்ஷன் நடுவில் பெண்ணைக் காணோம்

கல்யாண மண்டபத்தில் என்னவெல்லாம் காணாமல் போகும்? செருப்பு போகும். ஃபோன் சார்ஜர் போகும். சமையல்கட்டிலிருந்து முந்திரிப் பருப்பு போகும். போன வாரம் கம்பைநல்லூரில், என் அண்ணன் மகன் கல்யாணத்தில், மணப்பெண்ணே போய்விட்டாள்.

அதுவும் ரிசப்ஷன் நடுவில். முகூர்த்தம் மறுநாள் காலையில்தான். தாலி இன்னும் பெட்டியில் இருக்கிறது.

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகன் கதிர் ருமேனியாவில் இன்ஜினியர். கூட வேலை பார்க்கும் இரினாவைப் பிடித்துப்போய், அண்ணியிடம் ஃபோனில் சொன்னான். அண்ணி அழவில்லை, கத்தவில்லை. அதற்குப் பிறகு அவன் அழைக்கும்போதெல்லாம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். இப்படியே இரண்டு வருஷம். எங்கள் மாவட்டத்திலேயே அதிகம் தண்ணீர் குடித்த மாடுகள் அவையாகத்தான் இருக்கும்.

கடைசியில் அண்ணன் கெஞ்சி, நான் கெஞ்சி, ஒரு வழியாகத் தலையாட்டினார். ஊர் சும்மா இருக்குமா? "வெள்ளக்காரப் புள்ள, எத்தன நாளைக்குங்க நிக்கும்? ஒரு நா பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிரும் பாருங்க" என்று பால் ஊற்ற வந்தவர்கூடச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணிக்கும் உள்ளூர அதே பயம்தான்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் இரினா, அவள் அம்மா எலேனா, அண்ணன் மிஹாய், நண்பர்கள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். எலேனா ஒரு நாள், இன்று என் சமையல் என்று சைகை காட்டி அடுப்படிக்குள் நுழைந்தார். கொதிக்கிற தண்ணீரில் மக்காச்சோள மாவைக் கொட்டி, கட்டையால் கிண்டு கிண்டென்று கிண்டி, பலகையில் கவிழ்த்தார். மமலிகா என்று பேராம். வெட்டுவதற்குக் கத்தியைத் தேடவில்லை. ஒரு நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து அறுத்தார்.

நிலைப்படியில் நின்றிருந்த அண்ணி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா... இது களிதான?"

"களியேதான் அண்ணி. ராகிக்குப் பதிலா மக்காச்சோளம்."

"நூலுல அறுக்கறதும் நல்லாத்தான் இருக்குது. கத்தின்னா ஒட்டும்."

அவ்வளவுதான். களி தின்கிற குடும்பம் என்று தெரிந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லை. மாலையில் எலேனா, தானே பூவேலை செய்த வெள்ளைச் சட்டை ஒன்றை அண்ணிக்குக் கொடுத்தார். கை முழுக்கச் சிவப்பு, கறுப்பு நூலில் தையல். அண்ணி அதைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். ஒரு முடிச்சுகூடத் துருத்தவில்லை. ரிசப்ஷனுக்கு அரக்குப் பட்டுப் புடவை கட்டி, அதற்கு ஜாக்கெட்டாக அந்தத் தொளதொளச் சட்டையையே போட்டுக்கொண்டார். வந்தவர்களிடமெல்லாம் வலியப் போய்ச் சொன்னார்: "எம் மருமவ எங்கயும் போவமாட்டா. போனா என்னையக் கேளுங்க."

கேட்கும்படி ஆகிவிட்டது.

புடவைக் கொசுவத்தைச் சரிசெய்ய மேடையிலிருந்து இறங்கிப் போன இரினா திரும்பவில்லை. மணமகள் அறை காலி. சமையல்காரரைக் கேட்டோம். "அந்தப் பொண்ணுங்களா? பின்வாசல் வழியா வெள்ளக்காரங்களோட வேன்ல ஏறிப் போச்சுங்க. வடை வேணுமான்னேன். எடுத்துக்கிச்சு."

மேடையில் கதிர் மட்டும் சிரித்த முகமாக நிற்கிறான். "இருங்க, ஃபோன் வரும்" என்கிறான். அதிர்ச்சியில் மாப்பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சோடா உடைத்துக்கொண்டு வந்தார்கள்.

"அவ எங்கடா?" என்றார் அண்ணன்.

"அவங்க அண்ணன் தூக்கிட்டுப் போயிட்டாம்ப்பா. ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லையா? தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் அண்ணன் மண்டபத்திலிருந்து பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனால், எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் – பெண் வீட்டாருக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை. அடுத்த நிமிஷம் வாசலில் பைக்குகள் உறுமின. "விளையாட்டுப்பா! அங்க எல்லாக் கல்யாணத்துலயும் பொண்ணத் திருடுவாங்க! மாப்பிள்ளதான் மீட்டுக்கணும்!" என்று கதிர் கத்தியது பாட்டுக் கச்சேரியில் யார் காதிலும் விழவில்லை.

அங்கத்திய விளையாட்டு ஒன்று இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தானாம். குடத்துக்குள் மோதிரம் தேடுகிற மாதிரி ஏதோ என்று அண்ணி நினைத்துக்கொண்டார். அவனும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் கல்யாணமே நின்றிருக்கும்.

எலேனாவோ பந்தியில் இரண்டாவது கிண்ணம் பாயசத்தில் இருந்தார். நடப்பதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார். "பொண்ணக் காணோம், பெத்தவ சிரிக்கறா பாருங்க" என்று ஒரு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணி மேடையில் மணப்பெண் நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவர் கேட்டது வேறு.

"அவங்களுக்கு நம்மளப் புடிக்கலையாம்மா? நான் என்ன கொற வெச்சேன்?"

மாப்பிள்ளை வீட்டார் ஆயிரம் யோசிப்போம் – நிறம், பழக்கம், பாஷை. நம்மை அவர்களுக்குப் பிடிக்குமா என்று யாராவது யோசிக்கிறோமா? இரண்டு வருஷத்தில் அண்ணிக்கு முதல் முறையாக அந்தச் சந்தேகம் வந்திருந்தது.

அப்போது அவர் மடியிலிருந்த ஹேண்ட்பேக் அதிர்ந்தது. உள்ளே கதிரின் ஃபோன். மேடையில் சத்தம் போடக்கூடாது என்று அண்ணியே வாங்கி வைத்தது. எடுத்தால் வீடியோ கால். அரூர் ரோட்டு பேக்கரியில் இரினா பட்டுப் புடவையோடு முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருக்கிறாள். பக்கத்தில் மிஹாய். பின்னால் சண்டைக்குப் போன எங்கள் பையன்கள் – அவர்கள் கையிலும் பப்ஸ். வாங்கிக் கொடுத்தவனை எப்படி அடிப்பது?

மிஹாயின் நிபந்தனையைக் கதிர் மொழிபெயர்த்தான். அவர்கள் ஊரில் விஸ்கி பாட்டில் கேட்பார்களாம். இங்கே மண்டபத்தில் ‘மது அருந்தத் தடை’ போர்டைப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டார். பதிலாக, மாப்பிள்ளை சபையில் மண்டி போட்டு, மைக்கில் காதலைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பெண் கிடையாது.

கதிருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா... எல்லாரும் இருக்காங்கம்மா" என்றான். முன்வரிசையில் அவன் ஹெட்மாஸ்டர் வேறு. எங்கள் ஊர் ஆண்கள் மைக்கில் அரசியல் பேசுவார்கள். நன்றியுரை சொல்வார்கள். இதை மட்டும் யாரும் பேசியதில்லை.

மண்டி போட்டான். ஏதோ முணுமுணுத்தான். மைக்குக்கே கேட்கவில்லை.

அண்ணி எழுந்தார். பூவேலைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சத்தமாச் சொல்லுடா! பொண்ணு வேணுமா, வேணாமா?"

"வேணும்மா! எனக்கு இரினாவ ரொம்பப் புடிக்கும்! அவ இல்லாம என்னால முடியாது!"

மனைவிகள் கணவன்களைப் பார்த்தார்கள். கணவன்கள் பந்தி நடக்கும் பக்கம் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. தங்கையின் கையைப் பிடித்துக் கதிரிடம் ஒப்படைக்க மிஹாய் சிரித்தபடி மேடை ஏறினார். அண்ணி குறுக்கே போய் அந்தக் கையைத் தான் பிடித்துக்கொண்டார். பிடித்ததை விடவில்லை. இரினா அண்ணியின் கண்களைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "சாரி அத்தை" என்றாள், கற்றுக்கொண்ட தமிழில்.

அண்ணி முந்தானையால் அவள் வாயோரம் ஒட்டியிருந்த பப்ஸ் தூளைத் துடைத்துவிட்டார்.

"பரவால்ல சாமி. இனிமே யாரு தூக்கிக்கிட்டுப் போனாலும், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."