வாய் நிறையக் கூப்பிட ஒரு பெயர்

துபாயில் நான் நர்ஸாக இருந்த பிரசவ வார்டுக்கு வந்து பெண் குழந்தை பெற்றவள் ஒரு தூத்துக்குடிப் பெண். ஒல்லி உடம்பு, கணீர்க் குரல். மகளுக்குப் பெயர் தேடி, எந்தப் பெயர் காதில் விழுந்தாலும் உரக்கக் கூப்பிட்டுப் பார்ப்பாள்.

பக்கத்து அறையில் ஒரு பிரிட்டிஷ் சீமாட்டி, பாட்டன் பூட்டன் பெயர்கள் நான்கைக் கோத்து மகனுக்கு வைத்திருந்தாள். எதிர் அறை அமெரிக்காக்காரி, யாருக்கும் இல்லாத பெயர் வேண்டுமென்று ஓர் ஊரின் பெயரையே மகளுக்கு வைத்துவிட்டாள்.

இவள் இரண்டையும் கூப்பிட்டுப் பார்த்தாள். "முதல் பேருக்கு மூச்சு முட்டுது சிஸ்டர். ரெண்டாவது, கண்டக்டர் ஊர் பேரைக் கூவுத மாதிரி இருக்கு."

மாலையில் கணவர் செல்போனோடு வந்தார். ஊரிலிருந்து அவருடைய அம்மா பேசிக்கொண்டிருந்தார். "நம்ம பிள்ளைக்கு அம்மா பேரைத்தான் வைக்கணுமாம்" என்று தயங்கினார்.

"அத்தை பேரு ரெண்டாவதா இருக்கட்டும், அந்தச் சீமாட்டி வச்ச மாதிரி. முதல் பேரு நான் வைக்கதுதான். அமெரிக்காக்காரி யாருகிட்ட கேட்டா?" என்றவள், குழந்தையைத் தூக்கி வார்டே திரும்பும்படி அழைத்தாள்: "கடலரசி!"

போனில் மாமியாரும் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு மகனிடம் சொன்னார்: "ஏல, நல்லாத்தானல இருக்கு!"

பிள்ளை பெற்ற மறுநாளே அவளுக்கு அத்தனை தைரியம் எங்கிருந்து வந்ததென்று இன்றும் வியக்கிறேன்.